ஆர் இல்லை எண்டு பார்

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "தலைமைத்துவம் பற்றி எழுதுங்கோ, நீங்கள் மாணவ முதல்வராய் இருந்தனீங்கள்தானே" என்றார். அந்தச் சின்னத்தை நான் சட்டையில் குத்தியிருந்தது ஒன்றரை வருடம். ஆட்களை வைத்து வேலை செய்வது பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கியமானதை அந்த ஒன்றரை வருடத்தில், அதிலும் ஓர் இரவில் கற்றேன்.

1995 ஒக்டோபர் 30. நம் வயதுக்காரருக்கு அந்தத் திகதியைச் சொன்னால் போதும். சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். போர் நெருங்கியதால், யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சில லட்சம் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை வேறு. கண்டி வீதியில் ஓர் அடி வைக்க ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. சைக்கிளில் மூட்டை, மூட்டையின் மேல் குழந்தை, பக்கத்தில் கயிற்றில் ஆடு.

நான் விசுவமடுவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். அன்றைக்கு விடுதியில் மிஞ்சியிருந்தவர்கள் 19 பேர். விடுதிக்குப் பொறுப்பான ஆசிரியர், எங்கள் சேர், எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். உயர்தரம் படித்தவர்களில் நான் மாணவ முதல்வர் என்பதால் வரிசையின் கடைசியில் என்னை விட்டார். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட வந்ததும் திரும்பி, "எல்லாரும் நிக்கினமோ?" என்று கேட்டார். இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். 19. "ஓம் சேர், சரி" என்றேன்.

சேர் நம்பவில்லை. கையிலிருந்த டோர்ச்சை ஒவ்வொரு முகத்துக்கும் பிடித்தார். நடுவில் எங்களுக்குத் தெரியாத ஒரு பெடியன் நின்றான். வீட்டுக்காரரைத் தவறவிட்டு எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எங்களில் ஆகச் சின்னவன், ஏழாம் வகுப்பு, காணவில்லை.

சேர் என்னைப் பேசவில்லை. "எத்தினை பேர் எண்டு எண்ணிப்போட்டாய். ஆர் இல்லை எண்டு பார்" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தச் சனத்துக்கு எதிராகப் பின்னால் நடந்தார். நானும் போனேன். அரை மணித்தியாலம் இருக்கும், சின்னவனைக் கண்டோம். ஒரு கிழவியின் சைக்கிள் ரயர் காற்றுப் போய்விட்டது என்று அவன் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்தான். கிழவி அவனை விட மாட்டேன் என்றார். சேர் அந்தச் சைக்கிளைத் தான் வாங்கி, பாலம் கடக்கும் வரை தள்ளினார். எங்களோடு வந்த பெடியனின் தாய் தகப்பனை அடுத்த நாள் சாவகச்சேரியில் கண்டுபிடித்து ஒப்படைத்ததும் அவர்தான்.

அப்புறம் சாவகச்சேரியில் வேறொரு பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பாக நம் கல்லூரி நடந்தது, திரும்பி வந்தது, ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்தது எல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் சிங்கப்பூருக்கு வருகிறேன்.

2003இல் இங்கே வந்து, கட்டுமான வேலைத்தளம் ஒன்றில் இளநிலைப் பொறியியலாளராகச் சேர்ந்தேன். அடுத்த வருடம் ஏப்ரல் 20ஆம் திகதி பின்னேரம், எம்.ஆர்.டி. ரயிலின் வட்டப் பாதைக்காக 30 மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் தற்காலிகத் தாங்குசுவர்கள் சரிந்து, நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி உள்ளே விழுந்தது. 4 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் போமன், அதாவது தொழிலாளரை மேற்பார்வை செய்பவர், ஹெங் யாவ் பியாவ், வயது 40. தன் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத் தான் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. எங்கள் தளத்தில் அந்த வாரம் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. எனக்கு அன்றிரவு நாவற்குழிப் பாலம்தான் நினைவுக்கு வந்தது. தன் ஆட்கள் எங்கே எங்கே நிற்கிறார்கள் என்று முன்னமே மனதில் வைத்திருக்கும் ஒருவரால்தான், மண் சரியும் நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டு வெளியேற்ற முடியும்.

அதற்குப் பிறகு இங்கே சட்டமே மாறியது. 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தை உண்டாக்குபவர், அதைக் குறைக்கக்கூடியவர் எல்லோருக்கும் அதில் பொறுப்பு உண்டு. முதலாளியோடு மட்டும் அது நிற்பதில்லை. இதை நான் மனதார வரவேற்றேன். ஆனாலும் சட்டம் படிவத்தைத்தான் நிரப்பச் சொல்லும். படிவத்தில் ஆட்களின் எண்ணிக்கைக்குத்தான் ஒரு கட்டம் இருக்கும்.

2013இல் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது ஒரு பகுதி முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங். அன்றைக்கு எங்கே தோண்டுகிறோம், எதைத் தூக்குகிறோம், எதில் கவனம் வேண்டும் என்று சொல்லி, ஆட்களை எண்ணி, கையெழுத்து வாங்குவோம். கிரேனில் சுமை தூக்கும்போது கட்டுவதற்கு ரிக்கர், சைகை காட்டுவதற்கு சிக்னல்மேன், இவர்களுக்கு மேல் தூக்கும் வேலையைப் பார்க்க ஒரு சுப்பர்வைசர். எங்கள் சிக்னல்மேன் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. விசிலும் கையுமாக நிற்கும்போது அவன் முகத்தில் ஒரு மிடுக்கு இருக்கும். அந்த வாரம் மூன்று நாளாக அது இல்லை. அதை நான் கண்டேன். கேட்கவில்லை. தூக்கும் வேலைக்கான பெர்மிட் சரியாக இருந்தது, ஆட்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது, வேலை பிந்திக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் கம்பிக்கட்டு ஒன்று மேலே போகும்போது அவன் சைகை பிந்தியது. கட்டு சுழன்று, கீழே நின்ற இரண்டு பேரின் தலைக்கு ஒரு முழத்துக்கு மேலாகப் போனது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வேலையை நிறுத்தி அவனை நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன்.

"அப்பா தவறிட்டாரு சார். ஞாயித்துக்கிழமை."

"ஏன் தம்பி சொல்லேல்லை?"

"லீவு கேட்டா வேலை போயிருமோன்னு பயந்துட்டேன் சார்."

அந்தப் பதிலை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. தகப்பன் செத்துப்போன ஒருவன் நான்கு நாளாக என் முன்னால் நின்று "ஓகே சார்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் சிக்னல்மேனின் கவனக்குறைவு என்று எழுதலாம் என்றார்கள். நான் என் பெயரை எழுதினேன்: அவன் நிலைமையைக் கண்டும் விசாரிக்காமல் வேலையில் நிறுத்தியவன் நான். அன்றிரவே அவனுக்கு விமானச் சீட்டு எடுத்தோம், கருமாதிக்காவது போய்ச் சேர்ந்தான். திரும்பி வந்தும் எங்களோடுதான் வேலை செய்தான்.

அடுத்த நாள் தொடக்கம் மீட்டிங்கில் ஒரு மாற்றம் செய்தேன். ஆபத்துகளைச் சொல்லுமுன் வரிசையில் நடந்து ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி. "நித்திரை கொண்டனீங்களோ? வீட்டில சுகமோ?" பங்களாதேஷ் ஆட்களிடம் அவர்கள் மொழியில் கேட்க நாலு சொல் பழகிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கூடும். வேலை பிந்துகிறது என்று ஒரு மேலாளர் குறைப்பட்டார். வாரத்துக்கு இரண்டு மூன்று பேரை உயரத்தில் ஏற்றாமல் கீழ் வேலைக்கு மாற்ற அந்த ஐந்து நிமிடம் உதவியது என்று கணக்குக் காட்டினேன், பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகம் என்னைத் தலைமைத்துவப் பயிற்சிக்கும் அனுப்பியிருக்கிறது. நல்லதுதான், கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று அங்கேதான் பழகினேன். பேசாமல் நிற்பவனைக் கவனிக்கப் பழகியது வேறிடத்தில்.

2020 ஏப்ரலில் கொரோனா வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதிகளில் பரவியபோது இது எனக்குக் கைகொடுத்தது. பொங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு விடுதிகளை முதலில் மூடினார்கள், பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. விடுதிகளில் இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். என்னுடைய ஆட்கள் 26 பேர், மூன்று விடுதிகளில். எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அலுவலகம் தினமும் ஓர் அட்டவணை கேட்கும், அனுப்புவேன். அதை அனுப்பிவிட்டு, இரவு 7 மணி தொடக்கம் 26 பேருக்கும் போன் எடுப்பேன். சாப்பாடு வந்ததா, வீட்டுக்குக் காசு போனதா, பக்கத்துக் கட்டிலில் யார். ஒரு பங்களாதேஷ் தச்சர் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. அட்டவணையில் அவர் "நலம்". அறைக்காரர் ஒருவரைப் பிடித்துக் கேட்டதில், அவரை முதல் நாளே எக்ஸ்போ மண்டபத்தில் அமைத்திருந்த பராமரிப்பு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், போனில் காசு இல்லை. காசு போட்டுவிட்டு எடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "என் மனைவிக்குச் சொன்னீங்களா சார்?" யாரும் சொல்லியிருக்கவில்லை.

வேலையில் இப்படி இருந்தவன் வீட்டில் எப்படி இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

2022இல் மகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை. அதற்கு முதல் வருடம்தான் புள்ளி முறையை மாற்றியிருந்தார்கள், மொத்தம் 4 தொடக்கம் 32 வரை, குறைந்தால் நல்லது. மகளுக்கு எந்தப் பாடத்தில் என்ன புள்ளி வரும் என்று எனக்கு மனப்பாடம். ஒருநாள் இரவு மனைவி, "இவள் ரெண்டு கிழமையா நீச்சலுக்குப் போகேல்லை. கவனிச்சனீங்களோ?" என்று கேட்டார். கவனிக்கவில்லை. தினமும் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தேன்: படிச்சு முடிச்சாச்சோ?

மறுநாள் பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு பொங்கோல் நீர்வழி ஓரம் நடந்தேன். புத்தகம் பற்றி வாய் திறப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி தூரம் அவளும் பேசவில்லை. பிறகு தானாகச் சொன்னாள். நெருங்கிய சிநேகிதி வேறு இரண்டு பேரோடு சேர்ந்துகொண்டு இவளை ஒதுக்குகிறாள், நீச்சலிலும் அவர்கள்தான். என் வாயில் ஏழெட்டு ஆலோசனை வந்தது. வேலைத்தளத்தில் என்றால் சொல்லியிருப்பேன். கேட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டு வாசலில், "அப்பா, நாளைக்கும் நடப்பமா?" என்றாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள் பெரும்பாலும் நடக்கிறோம்.

வெள்ளிக்கிழமை சிலோன் ரோட்டு செண்பக விநாயகர் கோயில். அன்னதான வரிசையில் சில வாரம் நானும் பரிமாறுவேன். எப்போதும் தூணோரம் உட்காரும் ஓர் அம்மா கொஞ்ச நாளாக வரவில்லை என்று முதலில் கண்டது மகள். விசாரித்தோம், முழங்கால் சத்திரசிகிச்சை. இப்போது அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போவது மகளின் வேலை, நான் டிரைவர்.

இந்தத் தைப்பொங்கலுக்குச் சேருக்குப் போன் எடுத்தேன். கொக்குவிலில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம், நினைவு அப்படியே இருக்கிறது. விடுதிப் பெடியங்கள் வாட்சப் குழுவில் எல்லோரும் இருக்கிறோம், 19 பேரும் சேர்ந்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அண்டைக்குச் சைக்கிள் தள்ளினவன் என்ன செய்யிறான்? எனக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுக்கிறவன். போன முறையும் எடுக்கேல்லை, இந்த முறையும் எடுக்கேல்லை."

ரொறன்ரோவில் இருக்கிறான். குழுவில் பெயர் இருக்கிறது. மேலே தள்ளிப் பார்த்தேன், ஒன்றரை வருடமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் கவனிக்கவில்லை. சிங்கப்பூரில் இரவு 8 மணியானால் அங்கே காலை 7. அவன் எழும்பும் நேரத்துக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.