வழியில் ஆறு இருந்தால் கணக்கே வேறு

சைக்கிளில் சுமையோடு 80 கி.மீ. போகவேண்டிய நாளில், மணிக்கு 15 கி.மீ. என்று வைத்தாலும் மிதிப்பதற்கு மட்டும் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் ஆகும். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், வழி விசாரிப்பது என எல்லாம் சேர்ந்தால் எட்டு மணி நேரம். பாலமில்லாத ஆறு ஒன்று குறுக்கே வந்தால் அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். பொழுது சாய்கிறதே என்று அவசரப்பட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

கிளம்பும் முன் பைகளை மாட்டும் கேரியரின் போல்ட்டுகளை ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் போல்ட்டுகள்தான் பைகளின் எடையில் பெரும்பங்கைத் தாங்குகின்றன, குலுக்கலில் தளர்வதும் பெரும்பாலும் அவைதான். 40 மி.மீ. டயருக்குத் தார்ச்சாலையில் காற்றழுத்தம் பின்னால் 50, முன்னால் 40 பிஎஸ்ஐ (பம்பின் அளவுமானியில் காட்டும் அலகு) ஏறக்குறைய சரியாக இருக்கும். மண்பாதையில் ஐந்தைக் குறைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பஞ்சரான டியூபில் அருகருகே இரண்டு கீறல் தெரிந்தால் அது முள்ளின் வேலை அல்ல. காற்று போதாமல், கல்லுக்கும் ரிம்முக்கும் (சக்கரத்தின் உலோக வளையம்) நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது.

பாலங்களில் இரண்டு விஷயம். இணைப்பு இடைவெளிகளை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் டயர் அதில் சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டுக் காற்றில் பைகள் பாய்மரம் மாதிரி இழுக்கும், கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்திருங்கள்.

பாலம் இல்லையென்றால் முதலில் கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் கலங்கி, சுள்ளியும் சருகும் அடித்துக்கொண்டு வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது, மட்டம் ஏறும். காத்திருங்கள், அல்லது சுற்றிப் போங்கள். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் ஆழம். அகலமாகப் பரந்து ஓடும் இடத்தில்தான் பொதுவாக ஆழம் குறைவு. பைகள் இல்லாமல், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, செருப்போ ஷூவோ போட்டபடி ஒரு தடவை நடந்து பாருங்கள். ஓட்டம் முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். வழி சரியாக இருந்தால் முதலில் பைகள், அடுத்த நடையில் சைக்கிள். சைக்கிளை நீர் ஓடும் திசைப் பக்கம் பிடியுங்கள். நீர் வரும் பக்கம் பிடித்தால் வெள்ளம் அதை உங்கள் கால்மேலேயே தள்ளிவிடும்.

தண்ணீர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் தொடும் அளவு இருந்தால் உருட்டாமல் தூக்கிக்கொண்டு போவதே மேல். வெயிலில் சூடான ஹப் குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அதன் ஓர அடைப்பான சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், வண்டலும் கூடவே போகும். பிறகு கிரீஸ் பால் கலந்தது போல் வெளுத்துப்போகும்.

அக்கரையில் செயினைத் துணியால் துடைத்து, உலரவிட்டு, அதன் கண்ணிகளில் உள்ள ஒவ்வொரு ரோலருக்கும் (சிறு உருளை) ஒரு சொட்டு எண்ணெய். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மண்பாதையின் புழுதி முழுக்க அதில்தான் ஒட்டும். ஈரமான ரிம் பிரேக் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்காது. இறக்கம் வருமுன் லேசாக அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள்.

இரவு தங்கியதும் சீட் கம்பியை உருவி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பிரேமுக்குள் தேங்கிய தண்ணீர் வடியும். அப்படியே சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அச்சுக்குப் பக்கத்தில் பிரேமின்மேல் விரலை வையுங்கள். மணல் புகுந்த பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும்.