ஹெவி லைசென்ஸ் வாங்கியதும், அதற்குப் பிறகு கற்றதும்

கார் ஓட்டும் உரிமம் வாங்கி ஓராண்டு முடிந்திருக்க வேண்டும், வயது 20 நிரம்பியிருக்க வேண்டும்; இவை இரண்டும் இருந்தால்தான் சரக்கு லாரிக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கொடுப்பார்கள். எனக்கு இரண்டும் இருந்தன. நாமக்கல்லில் பிறந்து, லாரி பாடி கட்டும் பட்டறைகளின் சத்தத்திலேயே வளர்ந்தவன் என்பதால், 2022-இல் ஹெவி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோது வண்டியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கூடவே இருந்தது. மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றான படிவம் 1-ஏ வாங்கியதிலும், எல்எல்ஆர் எடுத்து 30 நாள் காத்திருந்ததிலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 31-ஆவது விதி, கனரக வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது என்றும், அதில் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. நான் சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் காலை ஆறு மணிக்கு ஒரு பழைய ஆறு சக்கர லாரியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலைக்குப் போவார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம் ஸ்டியரிங் கிடைக்கும். முப்பது நாளும் தவறாமல் போயிருந்தாலும் ஏழரை மணி நேரம்தான் தேறியிருக்கும். நான் போனதோ 22 நாள். பதிவேட்டில் 15 மணி நேரம் என்று எழுதி, பயிற்சி முடித்ததற்கான சான்றான படிவம் 5-ஐக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பதிவேட்டில் நானும் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேர்வு நாளன்று பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொஞ்ச தூரம் ஓட்டி, பின்னால் கொஞ்ச தூரம் எடுத்துக் காட்டியதும் முடிந்துவிட்டது. லைசென்ஸ் வந்த நாள் வரையில், ஒரு மூட்டை சரக்கு ஏற்றிய வண்டியைக்கூட நான் ஓட்டியதில்லை.

என் பெரியப்பா ஆறு ஆண்டு கிளீனராக இருந்த பிறகே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவர். மேட்டில் வண்டி நின்றால் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுத்துக் கட்டுவது, இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி அந்த ஓசையிலேயே காற்று குறைந்ததைக் கண்டுபிடிப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று சைடு சொல்வது என்று வண்டியின் உடம்பு முழுவதையும் கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் காலத்தில் ஓட்டக் கிடைத்தது. அந்த முறையை நான் உயர்த்திப் பேச வரவில்லை. அடியும் உதையும் அரைச் சம்பளமும் அதில் இருந்தன, டிரைவரின் கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே கைமாறின. ஆனால் இன்று கிளீனர் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை என்று ஓனர்கள் விட்டுவிட்டார்கள். மாநிலம் தாண்டி ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018-இல் எடுக்கப்பட்டுவிட்டது. கிளீனர் கற்றுக்கொண்ட இடம் காலியாகிவிட்டது, அங்கே வேறெதுவும் வந்து உட்காரவில்லை.

என் அதிர்ஷ்டம், தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழித்தீவன மில்களுக்கு மக்காச்சோளம் ஏற்றிவரும் பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்றில், மூத்த டிரைவர் ஒருவருக்குத் துணையாக நான்கு மாதம் போக முடிந்தது. முதல் பத்து நாள் அவர் என்னை ஓட்டவிடவே இல்லை. காலையில் ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும், எஞ்சினைப் போட்டு ஏர் முழுவதும் ஏறும் வரை காத்திருக்க வேண்டும், ஏர் நிற்காமல் இறங்கினால் எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் ஏர் பிரேக் என்ற சொல்லைக் கேட்டிருந்தேனே ஒழிய, காற்று இல்லாவிட்டால் கால் பிரேக் பிடிக்காது என்பதை யாரும் சொன்னதில்லை.

லோடு வண்டியில் தொப்பூர் கணவாயை நான் முதன்முதலில் இறக்கியது ஒரு விடியற்காலை. எடைமேடைச் சீட்டில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 28 டன் 300 கிலோ; மூன்று அச்சு வண்டிக்கு அனுமதி 28.5 டன். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஓரம் கட்டச் சொல்லி, "ஏறுற கியர்லதான் தம்பி எறங்கோணும்" என்றார் அந்த மூத்த டிரைவர் அண்ணன். நான்காவது கியரில், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்கத் தொடங்கினேன். வேகம் கூடிக்கொண்டே போனதால் பயத்தில் பிரேக் மேல் வைத்த காலை எடுக்கவில்லை. சிறிது தூரத்தில் பிரேக் லைனர் தீயும் வாடை கேபினுக்குள் வந்தது. "மிதிச்சுக்கிட்டே வராதே, ஒரு அழுத்து அழுத்தி வேகத்தைக் கொறை, மூணுக்கு மாத்து, காலை எடு" என்றார். அதன் பிறகு வண்டி தன் கட்டுக்குள் வந்தது. அந்த நேரத்தில் எங்களைத் தாண்டி ஒரு லாரி போயிற்று. அதில் எஞ்சின் இரைச்சல் இல்லை, டயர் உருளும் சத்தம் மட்டுமே கேட்டது. அது நியூட்ரலில் போகிறது என்றார். மிச்சமாகும் டீசல் காசுக்காகச் செய்கிற வேலை அது. கியர் இல்லாவிட்டால் எஞ்சினின் பிடிமானமும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் போய், முழுப் பாரமும் சக்கரத்தின் பிரேக் டிரம்மின் மேல் விழுகிறது; சூடேறிய டிரம் பிடிக்காதபோது திரும்பக் கியரைப் போடலாம் என்றால், அந்த வேகத்தில் கியர் விழாது.

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியதும், பின்சக்கர டிரம்முக்கு அருகில் கையை நீட்டச் சொன்னார். ஒரு சாண் தூரத்திலேயே அனல் அடித்தது. தண்ணீர் ஊற்றட்டுமா என்றேன். டிரம் வெடித்துப் பிளந்துவிடும், தானே ஆறட்டும் என்றார்.

அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கு 2021-இல் வந்த விதியில், கனரக வாகனப் பயிற்சிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். சிமுலேட்டரும் ஓட்டுதளமும் அங்கே உண்டு. பழைய ஏற்பாட்டை விட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் என்னைக் கேட்டால், அதில் பத்து மணி நேரமாவது மணல் மூட்டை ஏற்றிய வண்டியில், உண்மையான இறக்கத்தில், இரவில் ஓட்டியதாக இருக்க வேண்டும். தேர்விலும் லோடு வண்டியையே கொடுக்க வேண்டும். காலி வண்டியும் லோடு வண்டியும் ஒரே வண்டி அல்ல; நிற்பதற்குப் பிடிக்கும் தூரமும் வளைவில் சாயும் சாய்வும் வேறு. லைசென்ஸ் வாங்கியபின் மூன்று மாதம் அனுபவமுள்ளவரோடுதான் ஓட்ட வேண்டும் என்று வைத்து, அந்த இரண்டாம் ஆளின் பேட்டாவை (படிக்காசை) யார் தருவது என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் பதிவேட்டில் மட்டும் நடக்கும்.

இப்போது என்னோடு 21 வயதுப் பையன் ஒருவன் வருகிறான். கயிறு இழுக்கவும் டயர் தட்டவும் பழகிவிட்டான்; காலி வண்டியைத் தாவணகெரே வரை ஓட்டுகிறான்; ரிவர்ஸ் இன்னும் சரியாக வரவில்லை. ஒரு வண்டிக்கு ஒரு பேட்டாதான் என்று ஓனர் சொல்லிவிட்டதால், அவன் சாப்பாட்டுச் செலவு என் பேட்டாவிலிருந்துதான் போகிறது.