தலையணைக்குள் பாண்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளைக்கு 25 வயதாம். மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைத் தேவாரம், தண்ணீர்த் தொட்டியடிச் சண்டை எல்லாம் போன மலரிலேயே வந்துவிட்டன. நான் இங்கிலிஷ் ரீச்சரைப் பற்றி எழுதுகிறேன். மாசியில் அவர் போய்விட்டார்.

1983இல், ஒன்பதாம் வகுப்பில், "ஐலண்ட்" என்று வாசிக்க வேண்டியதை நான் "இஸ்லாண்ட்" என்று வாசித்தேன். எழுத்து இருந்தது, வாசித்தேன். ரீச்சர் என்னை வாங்கின்மேல் ஏற்றி ஐம்பது தரம் சொல்ல வைத்தார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். 86இல் நான் ஊரை விட்டபோதும் "இஸ்லாண்ட் வெளிக்கிட்டான்" என்றுதான் சொன்னீர்களாம்.

2009 மே 10, ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நின்றவர்களில் நானும் ஒருவன். கையிலிருந்த பதாகையில் ஆங்கிலப் பிழை. ரீச்சர் கண்டால் வாங்கில் ஏற்றுவார் என்று பக்கத்தில் நின்றவனிடம் சிரித்தேன். 95 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போன ரீச்சர் அந்த நேரம் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு அவரைக் கண்டது ஸ்காபரோவில், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். மறதி நோய் பலருக்குப் பிந்திப் படித்த மொழியைத்தான் முந்திக் கொண்டுபோகும். ரீச்சரிடம் ஆங்கிலம் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. என்னை நிவாரணம் கொடுக்கிறவன் என்று நினைத்து, "தம்பி, கஞ்சி முடிஞ்சுதோ?" என்பார். காலைப் பாணைக் கை துடைக்கும் தாளில் சுற்றித் தலையணை உறைக்குள் வைப்பார். எடுக்க வருகிறவரின் கையைக் கடிப்பார். கோப்பில் 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதியிருந்தது.

2025இல் விக்டோரியா தினம் மே 19. (2009இல் அது சரியாக 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த அன்று, விழுந்தது.) வாணம் வெடிக்கத் தொடங்கியதும் ரீச்சர் கட்டிலுக்கடியில் புகுந்து, பக்கத்துக் கட்டில் சீன அம்மாவையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாராம். அதற்கு ஒன்பது நாள் முன்னர்தான் பிரம்டன் சிங்குவாகூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபியைத் திறந்தார்கள். போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். ரீச்சரைக் கூட்டிப்போக வாகன வசதியில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் யோசிக்கவேயில்லை.

அப்புறம்தான் இல்லத்தின் குடும்ப மன்றத்தில் சேர்ந்தேன். மன்றம் எழுத்தில் சொன்னால் பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், ஒன்ராறியோச் சட்டம் அப்படி. ரீச்சர் அடித்துப் பழக்கிய அதே கடித அமைப்பில் எழுதினேன்: இரவில் தமிழ் பேசும் பணியாளர் ஒருவர் வேண்டும், வெடி நாட்களில் கட்டிலடியில் ஆள் இருக்க வேண்டும், பாணைப் பறிக்கக் கூடாது. பிழை ஒன்றும் இருக்காது. அந்த வாங்குக்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

முதல் கடிதத்துக்குக் கிடைத்தது மாதமொருமுறை 'பல்பண்பாட்டு மதிய உணவு'. சமோசா! ஆறாவது கடிதத்துக்குப் பிறகு தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வாரத்தில் மூன்று இரவு வந்தாள். பாணையும் விட்டுவிட்டார்கள்.

கடைசிக் கடிதம் கஞ்சிக்காக. அரிசி, தண்ணீர், உப்பு. காலையில் ஒரு கோப்பை. ஏழாம் நாள் ரீச்சர் கண்ணை மூடினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது, சட்டப்படி சரிதான். கஞ்சி கொடுக்கலாமாம், உப்பில்லாமல்.