செஸ் நிரல் எழுத உட்காருகிறீர்களா?

எடுத்தவுடனே நல்ல நகர்வைத் தேடும் பகுதிக்குத்தான் மனசு ஓடும், ஆனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் விதிப்படி சாத்தியமான எல்லா நகர்வுகளையும் தரும் பகுதியைப் பிழையில்லாமல் எழுதி முடியுங்கள். சரிபார்க்க அருமையான வழி இருக்கிறது: உங்கள் நிரல் எண்ணித் தரும் நகர்வு வரிசைகளை, ஏற்கெனவே தெரிந்த சரியான எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள், கறுப்பும் ஆடினால் 400 வரிசைகள், மூன்றாவது நகர்வில் 8,902, நான்காவதில் 1,97,281. எனக்கு நான்கு வரை அச்சு அசலாகப் பொருந்தியது. ஐந்தில் 48,65,609 வர வேண்டிய இடத்தில் 48,65,351 வந்தது. சரியாக 258 குறைவு! இரண்டு ராத்திரி தேடினேன். இரண்டு கட்டம் தாண்டி வந்து பக்கத்தில் நிற்கும் சிப்பாயை வெட்டும் ஆன் பாசான் விதியை எழுதவே இல்லை, தொடக்க நிலையிலிருந்து அது ஐந்தாவது நகர்வில்தான் முதன்முதலாகத் தலைகாட்டும் என்பதால் அதுவரை பிழை தெரியவில்லை. சேர்த்து ஓட்டியதும் அந்த எண் அப்படியே திரையில் வந்து நின்றது. அவ்வளவு சந்தோஷம்.