வட்டமிடும் இயந்திரமும் நழுவும் இயந்திரமும்

“அண்ணே, வட்டம் போடுது” என்று பக்கத்தில் நின்ற தம்பி சொன்னபோது நான் கைத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் 14 மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவர் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சிகள் எதையும் நான் அசைக்கவில்லை. காற்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். சுமார் 35 மீட்டர் உயரத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்க வேண்டிய ட்ரோன், இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு வட்டத்தை முடித்துவிட்டு, அதைவிடப் பெரிய அடுத்த வட்டத்தைத் தொடங்கியிருந்தது.

கட்டடங்களின் வெளிச்சுவரை ட்ரோன் மூலம் படமெடுத்து, விரிசல், ஓடு பெயர்ச்சி, துருக்கறை ஆகியவற்றைப் பொறியாளருக்குக் காட்டிக்கொடுப்பது என் வேலை. 20 ஆண்டுகளைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதி 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பிறகு, சிங்கப்பூரில் இந்த வேலைக்குக் குறைவில்லை. முன்பு கயிற்றிலும் கொண்டோலா என்ற தொங்குமேடையிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு செய்ததன் பெரும்பகுதியை இப்போது தரையில் நின்றே முடிக்கிறோம். அதற்கு ட்ரோன் சுவருக்குச் சில மீட்டர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பக்கத்தில், இயந்திரம் தான் இருக்கும் இடத்தையோ திசையையோ தவறாகப் புரிந்துகொண்டால், அதைத் திருத்தப் பத்து விநாடிகூடக் கிடைக்காது.

அன்று காலை அந்தப் பத்து விநாடியில் நான் செய்த முதல் காரியமே தவறு. ஆர்டிஎச் பொத்தானை, அதாவது புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பி வரச் சொல்லும் பொத்தானை, அழுத்திவிட்டேன். பயந்த கை அதைத்தான் தேடும். ட்ரோன் நேராக மேலே ஏறியது. பின்பு, எங்கள் பக்கம் வருவதற்குப் பதிலாகக் கட்டடத்தை நோக்கிச் சரிந்து நகர்ந்தது. தம்பி “அண்ணே, செவுரு, செவுரு!” என்று கத்தினார். உடனே அந்த ஆணையை ரத்து செய்து, மேலே இருந்த மோட் சுவிட்சைத் தள்ளி, ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டுக் கையால் ஓட்டும் ‘ஆட்டி’ மோடுக்கு மாற்றினேன். வட்டம் அந்த நொடியே நின்றது. ட்ரோன் இப்போது காற்றோடு கிழக்காக மெல்ல நழுவத் தொடங்கியது. அந்த நழுவலைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது, ஏனென்றால் நழுவும் இயந்திரத்தைக் கையால் பிடித்துவிட முடியும்.

ஏன் அப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த இயந்திரம் எப்படி ஓரிடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் அதற்கு இருக்கும் இடத்தைச் சொல்கிறது. மூக்கு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைச் சொல்வது காம்பஸ். ஒரு மீட்டர் வடக்கே நகர்ந்துவிட்டதாக ஜிபிஎஸ் சொன்னால், கட்டுப்பாட்டுக் கணினி தெற்கே ஒரு மீட்டர் போக முடிவு செய்யும். ஆனால் அதன் மோட்டார்களுக்குத் தெற்கும் வடக்கும் தெரியாது. முன், பின், இடம், வலம் மட்டுமே தெரியும். தெற்கு என்பது தன் உடலுக்கு எந்தப் பக்கம் என்பதைக் காம்பஸைக் கேட்டுத்தான் அது முடிவு செய்கிறது. காம்பஸ் 90 பாகை தவறாகச் சொன்னால், தெற்கே போவதாக எண்ணிக்கொண்டு அது கிழக்கேயோ மேற்கேயோ போகும். ஜிபிஎஸ் உடனே புதிய பிழையைச் சொல்லும். அதைத் திருத்தவும் இயந்திரம் மறுபடி பக்கவாட்டில் போகும். இப்படிப் பக்கவாட்டிலேயே தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பாதை வட்டமாகத்தான் அமையும். கழிவறைத் தொட்டியில் நீர் சுழல்வதுபோல் இருப்பதால் இதை எங்கள் தொழிலில் ‘டாய்லெட் பௌலிங்’ என்பார்கள். பிழை 90 பாகையைத் தாண்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு திருத்தமும் பிழையைப் பெரிதாக்கும்; இயந்திரம் வட்டமிடுவதை விட்டுவிட்டு ஓடியே போய்விடும்.

ஆகவே, அன்று என் ஜிபிஎஸ் நன்றாக இருந்ததுதான் ஆபத்தாக முடிந்தது. 18 செயற்கைக்கோள்கள் கிடைப்பதாகத் திரை பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்த இயந்திரம், தவறான திசையை நம்பி, முழு முனைப்போடு தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. ஆட்டி மோட் என்பது அந்த இடம் காக்கும் வேலையையே நிறுத்திவிடுகிறது. அதில் ட்ரோன் காற்றழுத்தமானியால் உயரத்தையும், கைரோஸ்கோப், முடுக்கமானி ஆகியவற்றால் சமநிலையையும் மட்டும் காத்துக்கொள்ளும். காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். குச்சியை விட்டாலும் பிரேக் பிடிக்காது. அதன்பின் அதை நிறுத்தி வைப்பது ஓட்டுபவரின் கண்ணும் கையும்தான்.

காம்பஸ் கெட்டதற்குக் காரணமும் நாங்களே. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலிருந்து புறப்பட்டோம்: ஆள் நடமாட்டம் இல்லை, வானம் திறந்திருந்தது, கட்டடமும் முழுதாகத் தெரிந்தது. ட்ரோனை இயக்கியதும் காம்பஸைச் சீரமைக்கச் சொல்லித் திரையில் எச்சரிக்கை வந்தது. அங்கேயே நின்று, சொன்னபடி ட்ரோனைக் கையில் பிடித்துப் படுக்கை வசத்தில் ஒரு சுற்று, மூக்கைக் கீழே காட்டி ஒரு சுற்று சுற்றினேன், எச்சரிக்கை மறைந்தது, வேலையைத் தொடங்கினேன். நான் நின்ற தளமோ, உள்ளே கம்பிகள் நெருக்கமாகக் கட்டப்பட்ட கான்கிரீட். சிங்கப்பூரில் புவியின் காந்தப்புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் சிறு காந்தம் அதைப்போல் நூறு மடங்கு வலியது. அவ்வளவு மெல்லிய புலத்தை நம்பித்தான் காம்பஸ் திசை சொல்கிறது. சீரமைப்பின்போது ட்ரோன் தன் உடம்பில் இருக்கும் இரும்பின் பாதிப்பை அளந்து, அதைக் கழிக்கக் கற்றுக்கொள்கிறது. காலடியில் இருந்த கம்பிகளின் பாதிப்பையும் அன்று அது தன் உடம்பின் பாதிப்பாகவே கணக்கில் எழுதிக்கொண்டது. தளத்தை விட்டு 35 மீட்டர் மேலே போனதும் அங்கே கம்பிகள் இல்லை. ஆனால் இல்லாத கம்பிகளுக்கான கழிப்பை இயந்திரம் செய்துகொண்டே இருந்தது. எச்சரிக்கை வந்தபோது நான் செய்திருக்க வேண்டியது சீரமைப்பே அல்ல; ட்ரோனைத் தூக்கிக்கொண்டு கீழே புல்வெளிக்குப் போயிருக்க வேண்டும். எச்சரிக்கை மறைவது வேறு, பிழை மறைவது வேறு என்று இப்போது என்னோடு வேலை செய்யும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

கீழே இறக்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ட்ரோனைச் சுவரிலிருந்து விலக்கினேன். பிறகு மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வலது குச்சியை ஒரு விரல் அளவு முன்னே தள்ளி, ட்ரோன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தேன்; அதன் பின்புறம் என்னை நோக்கி வரும்வரை இடது குச்சியால் திருப்பினேன். அப்படி வைத்துவிட்டால் என் இடம் அதன் இடம், என் வலம் அதன் வலம். பதற்றத்தில் கை மாறிப் போகாது. அதற்குள் தம்பி, இறங்கும் இடத்தில் கூம்புகளை நகர்த்தி வைத்து, லிஃப்ட் வாசலில் நின்று, வந்த ஒரு பாட்டியைத் தாழ்ந்த குரலில் பேசி நிறுத்தி வைத்திருந்தார். காற்றின் எதிர்த்திசையில் குச்சியைத் தொட்டுத் தொட்டு விட்டு, நான்கு நிமிடத்தில் இறக்கினேன். கைகள் நடுங்கியது அதற்குப் பிறகுதான்.

ஜிபிஎஸ் தவறுவது இதற்கு நேர்மாறான அனுபவம். அது இரண்டு விதமாக வரும். முழுதாகப் போய்விட்டால் பெரும்பாலான ட்ரோன்கள் தாமாகவே ஆட்டி நிலைக்கு வந்துவிடும், காற்றோடு நழுவும், மேலே சொன்னபடி ஓட்டினால் போதும். அப்போது ஆர்டிஎச் வேலை செய்யாது, ஏனென்றால் புறப்பட்ட இடம் எங்கே என்று தெரிந்தாலும் தான் எங்கே என்று இயந்திரத்துக்குத் தெரியாது. நான் அதிகம் அஞ்சுவது இரண்டாவது விதத்தை: ஜிபிஎஸ் போகாமலே பொய் சொல்வது.

எதிரெதிராக நெருங்கி நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இறங்கினால், வானம் ஒரு நாடா அளவுக்குச் சுருங்கிவிடும். இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். அவையும் வானில் பரவலாக இருக்க வேண்டும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல், நேராக வராமல் எதிர்க்கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும்போது, பாதை 15 மீட்டர் நீண்டால் அந்தக் கோள் 15 மீட்டர் தள்ளி இருப்பதாகவே கருவி கணக்கிடும். அதனால் ட்ரோன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, தான் சில மீட்டர் நகர்ந்துவிட்டதாக நம்பும். அந்த இல்லாத நகர்வைத் திருத்த உண்மையாகவே நகரும். ஒருமுறை அப்படி நகர்ந்த இயந்திரத்துக்கும், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டிருந்த மூங்கில் கழிக்கும் இடையே இரண்டு அடி இடைவெளிதான் இருந்தது. கழியின் நுனியில் ஒரு பள்ளிச் சட்டை தொங்கியது. இறக்கைக் காற்றில் அதன் கைப்பகுதி நேராக நீட்டிக்கொண்டு படபடத்தது.

அன்று தயங்காமல் ஆட்டிக்கு மாறி, பக்கவாட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, நேராக மேலே ஏற்றினேன். உயரத்தைச் சொல்வது காற்றழுத்தமானி. கண்ணாடிப் பிரதிபலிப்பு அதைத் தொடுவதில்லை. மேலே ஏற ஏற வானமும் அகலும். ஆனால் தலைக்கு மேல் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, இப்போதெல்லாம் சுவரில் வேலை தொடங்கும் முன்பு, கழிகள், பால்கனி விளிம்புகள், குளிர்சாதனப் பெட்டித் தாங்கிகள் ஆகியவற்றைத் தம்பி தொலைநோக்கியில் பார்த்து, மாடி வாரியாகத் தாளில் குறித்துக்கொடுக்கிறார்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைக்குள் இருக்கும் சிங்கப்பூருக்கு மேலே, சூரியன் மறைந்த பிறகு, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் கலங்கி, செயற்கைக்கோள் சிக்னல்கள் மினுங்குவதும் அறுபடுவதும் உண்டு. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில், இது கூடுதலாக இருக்கும். பெயர்ந்த ஓடுகளைக் கண்டுபிடிக்க வெப்பப் படம் எடுக்கும் வேலை சில நேரம் அந்தி சாய்ந்த பிறகுதான் அமைகிறது. அந்த மாதங்களில் நான் இரவு வேலைக்கு நாள் குறிக்கும்போது, கண்ணால் திசை தெரியும்படி முன்னும் பின்னும் வெவ்வேறு நிற விளக்குகள் இல்லாத ட்ரோனை ஏற்றுக்கொள்வதில்லை. அதேபோல, ஆட்டி சுவிட்ச் இல்லாத ட்ரோனைச் சுவருக்குப் பக்கத்தில் பறக்கவிடவும் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. சில வேலைகள் இதனால் கைவிட்டுப் போயிருக்கின்றன.

தீவு சிறியது. 2019 ஜூன் மாதத்தில், அனுமதியின்றிப் பறந்த ட்ரோன்களால் சாங்கி விமான நிலையத்தில் ஓடுபாதை மூடப்பட்டு, விமானங்கள் தாமதமானதை இங்கே யாரும் மறக்கவில்லை. விமான நிலையங்களையும் விமானப் படைத்தளங்களையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் வரைந்தால், குடியிருப்புப் பேட்டைகளில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். என் கையை விட்டு ஓடும் ட்ரோன் காட்டிலோ வயலிலோ விழப்போவதில்லை. அது யாரோ ஒருவரின் சமையலறை ஜன்னலுக்கோ, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் நடைபாதைக்கோ, விமானங்களின் வழிக்கோதான் போகும். மோட்டார்களை நடுவானில் நிறுத்தும் குச்சிச் சேர்க்கை ஒன்று உண்டு. கீழே ஆள் இருக்கும் இடத்தில் அதை நினைத்துப் பார்க்கவும் கூடாது.

அந்தக் கார் நிறுத்துமிடச் சம்பவத்துக்குப் பிறகு நானும் தம்பியும் மாதத்துக்கு இரண்டு முறை நிறுவனத்தின் கிடங்கில் பயிற்சி செய்கிறோம். உயர்ந்த தகரக் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் வராது. தரையைப் பார்க்கும் சென்சார்களையும் அணைத்துவிட்டால், ட்ரோனுக்கு எங்களைத் தவிர வேறு துணை இல்லை. காற்றுக்கு, கிடங்கில் கிடந்த பெரிய தொழிற்சாலை மின்விசிறியைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். தரையில் சாக்கட்டியால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, அதற்கு மேலே ட்ரோனை மூன்று நிமிடம் நிறுத்த வேண்டும். நடுவில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் விசிறியைத் திருப்பிவிடுவார். தொடக்கத்தில் தம்பியால் 20 விநாடிகூட நிறுத்த முடியவில்லை. போன வாரம் மூக்கைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இடமும் வலமும் மாறிக் கிடக்க, மூன்று நிமிடமும் சதுரத்துக்குள்ளேயே நிறுத்தினார். நேரத்தைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால், “இன்னொரு தடவை, அண்ணே, இப்ப ஃபேன பெருசா வையுங்க” என்றார்.