பயிற்சி நாளில் யார் அதிகம் பேசுகிறார்கள்?

மே மாதக் கடைசி வாரத்தில் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் எந்தப் பள்ளி வளாகத்துக்குள் போனாலும் ஏதாவதொரு ஆசிரியர் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். வரவேற்பு, குத்துவிளக்கு, தாளாளர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, தேநீர், மறுபடி ஓர் உரை, சாப்பாடு, இன்னோர் உரை, கருத்துப் படிவம், குரூப் போட்டோ. அந்த நாளில் ஓர் ஆசிரியர் எழுந்து நின்று எதையாவது செய்து பார்த்த நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம் தேறுவதே பெரிது. பயிற்சியில் கேட்டது வகுப்பறைக்குள் நுழையாததற்கு முதல் காரணம் இதுதான். ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று பழி போடுவது நியாயமே இல்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று சொல்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இந்த 50 மணி நேரத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். மணிக்கணக்கு என்று வந்துவிட்டால் மண்டபத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதே வேலையாகிவிடுகிறது. பயிற்சி பலிக்க ஐந்து படிகள் வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள்: கருத்தை விளக்குவது, செய்துகாட்டுவது, செய்து பார்க்க வைப்பது, பார்த்ததைச் சொல்வது, பிறகு வகுப்பறைக்கே போய்க் கூட நிற்பது. முதல் இரண்டோடு நிறுத்தினால் கேட்டவருக்கு விஷயம் புரியும். வகுப்பில் நடத்தும் விதம் அநேகமாக மாறாது. நம் ஊர்ப் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டோடு நிற்கின்றன.

ஒரு நாளுக்கு ஒரே ஒரு திறன் போதும். அதைத் தேர்ந்தெடுக்க 'உங்களுக்கு என்ன தலைப்பு வேண்டும்' என்று படிவம் அனுப்பாதீர்கள். எல்லோரும் 'கற்றல் கற்பித்தலில் புதுமை' என்று எழுதி அனுப்புவார்கள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் பத்து நோட்டுகளை வாங்கி ஒரு மேசையில் பரப்பிப் பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டியுள்ள பள்ளி என்றால், வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதியிருக்கும், சொல்வதை எழுதச் சொன்ன பக்கம் மட்டும் காலியாக இருக்கும். அந்தப் பள்ளிக்குத் தேவையான பயிற்சி எது என்பதை அந்தக் காலிப் பக்கமே சொல்லிவிடும்.

எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவான ஒரு திறனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே மூன்று விநாடி பொறுக்க வேண்டும் என்றார் அவர். இந்த இரண்டாவது காத்திருப்பு நம்மில் பலருக்குத் தெரியாது. பதில் வந்த மறுகணம் 'வெரி குட்' சொல்லிவிடுகிறோம். பாதி யோசனையில் இருந்த மற்ற பிள்ளைகள் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் போதும். 9.45க்குத் தொடங்கினால் 10.15க்குள் முடியும். அடுத்த அரை மணியில் பயிற்றுநர் தானே ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பள்ளி நடக்கும் நாளானால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளையே உட்கார வைத்து நடத்தலாம், அதுதான் நல்லது. தேநீர் முடிந்து 11 மணிக்கு ஆசிரியர்களின் கைக்கு வேலை போய்விட வேண்டும்.

பி.எட். படித்த எல்லோருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் தெரியும்: ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துச் சில நிமிடம் சிறு குழுவுக்கு நடத்திப் பழகுவது. 1960களில் ஸ்டான்போர்டில் பிறந்த முறை. என்.சி.இ.ஆர்.டி. வகுத்த கணக்கில் நடத்த 6 நிமிடம், கருத்துச் சொல்ல 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி நடத்த 6, மறுபடி கருத்துக்கு 6, ஆக 36 நிமிடம். பட்டம் வாங்கியதோடு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டோம். பணியில் இருப்பவர்களுக்குத்தான் அது இன்னும் நன்றாகப் பொருந்தும். 36 பேர் வந்தால் ஆறாறு பேராக ஆறு குழு. ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராக 36 நிமிடம் எடுத்தால் 216 நிமிடம், காலை முழுக்கப் போதாது. அதனால் இருவர் இருவராகக் கோக்க வேண்டும். முதலாமவர் நடத்தி, கருத்தும் கேட்டு முடித்த உடனே இரண்டாமவர் தொடங்கிவிட வேண்டும். அவருக்கான 12 நிமிடத்தில் முதலாமவர் ஓரமாக உட்கார்ந்து திருத்தி எழுதுவார். பிறகு முதலாமவர் மறுபடி நடத்தும் 12 நிமிடத்தில் இரண்டாமவர் எழுதுவார். இப்படி ஒரு ஜோடிக்கு 48 நிமிடம். 11 மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு ஜோடிகள் 12.36க்கு முடிந்துவிடும், மூன்றாவது ஜோடியைச் சாப்பாட்டுக்குப் பின் 1.30க்கு வைத்தால் யாருக்கும் கண் சொக்காது. அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும் சாப்பிட்டவர்களை உட்கார வைத்து உரை நிகழ்த்துவதைப் போலக் கொடுமை வேறில்லை.

குழுவில் ஒருவர் நடத்துவார், ஒருவர் கையில் சீட்டும் செல்போன் ஸ்டாப்வாட்சும் இருக்கும், மற்றவர்கள் மாணவர்கள். சீட்டில் மூன்றே கட்டங்கள்: கேட்ட கேள்வி, காத்திருந்த விநாடி, பதில் சொன்னவர் யார். நான்காவது கட்டம் போட்டால் சீட்டை நிரப்புவதிலேயே கவனம் போய்விடும். எதில் கோட்டை விடுகிறார்கள் என்பது முதல் சுற்றிலேயே தெரியும். காத்திருக்க முடியாமல் கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்பார்கள். அது யோசித்துக்கொண்டிருந்தவரைக் கலைக்கும். அல்லது ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வியாக இருக்கும். அதற்கு எத்தனை விநாடி காத்திருந்தும் பயனில்லை. மொடக்குறிச்சி, கொடுமுடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் 'மஞ்சளை வேகவைத்துத்தானே காயப்போடுகிறார்கள்?' என்றால் 'ஆமாங்க டீச்சர்' என்று வகுப்பே சேர்ந்து கத்தும். 'வேகவைக்காமல் காயப்போட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டால் தோட்டத்தில் பார்த்ததை எல்லாம் நினைவில் தேட வேண்டியிருக்கும். காத்திருப்பது அந்தக் கேள்விக்குத்தான்.

கருத்துச் சொல்லும் ஆறு நிமிடம்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. நம் பக்கம் மரியாதை ஜாஸ்தி. 'நல்லா இருந்துச்சுங்க டீச்சர்' என்று முடித்துவிடுவார்கள். தலைமை ஆசிரியரையும் அவர் பள்ளி ஆசிரியரையும் ஒரே குழுவில் போட்டால் அந்த ஆறு நிமிடமும் வீண். சீட்டில் உள்ளதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். 'மூணாவது கேள்விக்கு ஒரு செகண்டுல நீங்களே பதிலச் சொல்லிப்போட்டீங்க டீச்சர்.' 'ஏனுங்க, அப்படியா பண்ணுனேன்?' என்று அவர் கேட்டுத் தலையை ஆட்டினாரானால் பாதி வேலை முடிந்தது. இது குறை சொல்வதாகத் தோன்றாது, எண்ணைத்தானே படிக்கிறார்.

ஆறு குழுவும் ஒரே தகரக் கூரை மண்டபத்தில் பேசினால் எவர் பேச்சும் எவருக்கும் கேட்காது. மூன்று குழுவை வராந்தாவுக்கோ பக்கத்து வகுப்பறைக்கோ அனுப்பிவிடுங்கள். மே மாதம் கரூர் பரமத்தி, ஈரோடு வெயிலில் தகரக் கூரைக்கடியில் மதியம் உட்காரவே முடியாது என்பதையும் இடம் முடிவு செய்யும்போதே யோசிக்க வேண்டும். ஸ்லைடு தேவைப்பட்டால் பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அந்தப் பள்ளிக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும், அதைச் சரிசெய்வதிலேயே அரை மணி நேரம் போய்விடும். கரண்ட் போனாலும் நடக்கிற மாதிரி, எல்லோருக்கும் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்துவிடுவது உத்தமம்.

மூன்றாவது ஜோடி 2.18க்கு முடியும். 2.30 முதல் 3.30 வரை ஒவ்வொருவரும் அடுத்து நடத்தப் போகும் பாடத்துக்கு மூன்று கேள்விகள் எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பாடப்புத்தகம் வேண்டும். சுற்றறிக்கையில் 'பாடப்புத்தகத்துடன் வரவும்' என்ற ஒரு வரி விட்டுப்போவதால் இந்த ஒரு மணி நேரம் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. 3.30க்கு மேல் இழுக்காதீர்கள். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு வருகிறவர் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டித்தான் வீடு போய்ச் சேர வேண்டும். வால்பாறை ஆசிரியருக்கு ஆழியாறு பாதையில் 40 வளைவு. உண்மையில் மலைப்பள்ளிகளுக்கான பயிற்சியை மலையிலேயே வைப்பதுதான் முறை. முப்பது ஆசிரியர்களை இறக்குவதைவிட இரண்டு பயிற்றுநர்கள் ஏறிப் போவது எளிது.

அரசுப் பயிற்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையில் தயாராகும் கட்டகம், அதாவது பயிற்சிக்கான பாடத் தொகுப்பு, மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம், வட்டார வள மையம், குறுவள மையம் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் நாள் குறையும். குறையும்போது முதலில் வெட்டுப்படுவது செய்முறைதான், ஏனென்றால் உரையைச் சுருக்கலாம், 36 நிமிடச் சுற்றைச் சுருக்க முடியாது. ஆகவே கட்டகம் எழுதுகிறவர்கள் செய்முறையைத் தனி நாளாகவே வைத்துவிட வேண்டும். பயிற்றுநரும் அதை ஒரு நிஜ வகுப்பில் ஒரு தடவையாவது நடத்திப் பார்த்துவிட்டு வர வேண்டும். நடத்தாமல் வந்தவரை ஆசிரியர்கள் முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயிற்சி முடிந்து இரண்டு வாரத்துக்குள் யாராவது வகுப்புக்குப் போய் இருபது நிமிடம் பின்பெஞ்சில் உட்கார வேண்டும். கையில் அதே மூன்று கட்டச் சீட்டு. பதிவேடு எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அது ஆய்வாகிவிடும், அப்புறம் வகுப்பு நாடகமாகிவிடும். ஆசிரியர் பயிற்றுநருக்கு எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் வேலையே சரியாக இருக்கிறது என்றால், ஒரே பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு பீரியட் மாறி மாறிப் போய்ப் பார்க்கலாம். ஈராசிரியர் பள்ளியில் அதற்கும் வழியில்லை. அங்கே செல்போனை மேசை மேல் வைத்துப் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து, மாலையில் தானே கேட்டு விநாடிகளைக் குறித்துக்கொள்ளலாம். குறித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். பிள்ளைகளின் குரல் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது.

ஓட்டுநர், பேருந்து உதவியாளர், ஆயா, சமையலர், காவலாளி ஆகியோரைப் பயிற்சி என்றாலே மறந்துவிடுகிறோம். திருச்செங்கோடு, நாமக்கல், பெருந்துறைப் பக்கம் ஏராளமான பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில்தான் வந்து போகிறார்கள். 2012இல் வந்த பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகளின் கீழ் வண்டிகளை மே மாதம் ஆய்வு செய்கிறார்கள். அவசரக் கதவும் தீயணைப்பானும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அவற்றைக் கையாளத் தெரியுமா என்பதைப் பயிற்சியில்தான் பார்க்க முடியும். காலை நடை முடிந்து 10.30 முதல் 12 வரை ஓட்டுநர்கள் பெரும்பாலும் சும்மா இருப்பார்கள், அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்திலேயே நடத்துங்கள். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் கடைசி இருக்கை வரை நடந்து, குனிந்து, தூங்கிப்போன பிள்ளை இருக்கிறதா என்று பார்ப்பதை ஒவ்வொருவரும் செய்துகாட்ட வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையை என்ன செய்வது என்பதையும் தரையில் ஒருவரைப் படுக்க வைத்துப் பழக்குங்கள்: கையில் சாவிக்கொத்துத் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது, சுற்றியுள்ள பொருளை நகர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றி ஆசிரியர்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்துவதும் தவறு. பிள்ளைகள் சில விஷயங்களை ஆயாவிடம்தான் முதலில் சொல்லும். 2012இன் அந்தச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் எவரானாலும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இதை ஆயாக்களிடம் சட்ட வாசகமாகப் படிக்காமல், 'பாப்பா உங்ககிட்ட வந்து இப்படிச் சொல்லுச்சுன்னா அடுத்து யாருகிட்டப் போவீங்க அக்கா?' என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பதில் வாங்குங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சமையலறைக் கதவிலும், ஒவ்வொரு பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலும் ஒட்டிவிட்டு அன்றைய பயிற்சியை முடியுங்கள்.