கோரையை விட்டுவைக்கச் சொல்லி அலைந்த கதை

எங்கள் கண்மாயில் தூண்டில் போட்டால் சில வருடமாக ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் சிக்கின. வண்டல் மேடிட்டு, கோடையில் முழங்கால் தண்ணீர்கூட நிற்காது. விரால் எங்கே தங்கும்? விவசாயிகளோடு சேர்ந்து மனு கொடுத்தோம்: வண்டல் அவர்கள் வயலுக்கு, எடுத்த இடத்துப் பள்ளம் மீனுக்கு, ஓரத்துக் கோரை இருந்தபடியே இருக்கட்டும்.

2024 முதல் வண்டல் எடுக்கும் அனுமதியைத் தாசில்தாரே தரலாம். ஆனால் தாலுகா அலுவலக எழுத்தர் மனுவைப் பிரிக்காமலே, "இது யூனியன் கண்மாய், அங்கே போங்க" என்றார். யூனியனில், "இது பொதுப்பணித் துறையாச்சே" என்றார்கள். பாதிக் கோடை இப்படியே போனது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறையில் இருந்தது), குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம் (யூனியன்). அந்த அளவை வி.ஏ.ஓ.விடம் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். எங்களுக்கு அந்த ஒரு தாள் வந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

பொறியாளர் நல்ல மனிதர். கரையை ஒட்டித் தோண்டக் கூடாது என்று சொல்லி, நடுவில் இடம் குறித்துக் கொடுத்தார். மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கு வெளியேறாது. கோடையில் மீனுக்கு அதுதான் புகலிடம்.

அப்புறம்தான் வயிறு எரிந்தது. உத்தரவில் கோரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜேசிபி ஓட்டுநர் காலையிலேயே வடக்கு மூலையை வழித்துவிட்டார். "சுத்தமா இருக்கட்டும்னுதான் சார்" என்றார். விரால் முட்டையிடுவது அந்தச் செடிகளுக்கு நடுவில்தான். ஓடிப்போய் நிறுத்தி, மிச்சமிருந்த ஓரம் முழுக்கக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். 'கோரையைத் தொடக் கூடாது' என்ற வரியை உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஜேசிபிக்கு எட்டாது.

கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்த மீன்பாசிக் குத்தகைதாரரும் சண்டைக்கு வந்தார். மீன் ஒதுங்க நாங்கள் போட்ட கருவேலங்கிளை வலையைக் கிழிக்குமாம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே மூலைக்கு மாற்றினோம்.

மழைக்குப் பிறகு தெற்கு ஓரத்தில் விரால் குஞ்சுகள்! செம்மஞ்சளாக, கூட்டமாக மேலே வந்து மூச்செடுத்துவிட்டு இறங்குகின்றன. பெரிய விரால் அடியிலேயே காவல் நிற்கிறது. அந்த நேரத்தில் அங்கே தூண்டில் போடாதீர்கள். காவல் நிற்கும் விராலைப் பிடித்தால் குஞ்சுகள் கெளுத்திக்கு இரை. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடவே வேண்டாம்.

வடக்கு மூலையில் கோரைக் கிழங்கு நட அடுத்த மனு தயார். இந்த முறை ஆயக்கட்டுத் தாளை மேலேயே வைத்திருக்கிறோம்.